ஸ்டென்ட்டை எடுக்கும் நாள்

"பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஏழாம் நாளே குழாயை எடுத்துவிட்டார்களே?" புற்றுநோய்க்காகச் சிறுநீர்ப்பை அகற்றப்பட்டவர்களின் குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சிறுநீரகங்களிலிருந்து இறங்கும் குழாய்களைக் குடல் துண்டோடு தைத்த இடம் ஆறும்வரை, அங்கே சிறுநீர் கசியாமலும் வீக்கத்தால் அடைபடாமலும் காப்பதே ஸ்டென்ட்டின் வேலை. பொதுவாக 5 முதல் 14 நாள்களுக்குள் அதை எடுக்கிறோம்; முன்பே கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவருக்குச் சற்றுத் தாமதமாகலாம். அதற்காக, 'இருந்தால் பாதுகாப்புதானே' என்று காரணமின்றி நாளைத் தள்ளிப்போடுவதை நான் ஏற்பதில்லை. உடலுக்குள் நெடுநாள் தங்கும் எந்தக் குழாயிலும் கிருமிகள் படியும். ஸ்டென்ட்டுடன் வீடு திரும்புவோர், அதை எடுக்கும் தேதியை எழுதி வாங்காமல் புறப்பட வேண்டாம். எடுத்த பின் குளிர்காய்ச்சலோ விலாப்புற வலியோ கண்டாலும், சிறுநீர் குறைந்தாலும், நள்ளிரவானாலும் உடனே வாருங்கள்.