பெஞ்ச் ஓரம்: பாதி ஆட்டக்காரர்

உங்களுக்கு வேலை கிடைச்சாச்சுன்னு வைங்க. ஆஃபர் லெட்டர்ல ஒரே ஒரு கண்டிஷன். எதிர்ல வர்ற ஆள் வலது கைக்காரரா இருந்தா மட்டும்தான் நீங்க வேலை பார்க்கலாம். இடது கைக்காரர் வந்தா ஓரமா உட்காரணும். உங்க சீட்டுக்கு வேற ஒருத்தர் வருவார். கையெழுத்துப் போடுவீங்களா?

அமெரிக்க பேஸ்பால்ல இப்படி ஒரு பொழைப்பு இருக்கு பாஸ். பேரு 'ப்ளாட்டூன்'. ("தமிழ்நாட்டுல யாருய்யா பேஸ்பால் பார்க்கறா?"ன்னு எடிட்டர் முறைச்சார். கிரிக்கெட்டை வெச்சு விளக்கிடறேன்னு சொல்லித்தான் இந்த வாரம் பக்கம் வாங்கியிருக்கேன்.)

லெஃப்ட் ஹேண்ட் பேட்ஸ்மேன் உள்ளே வந்ததும் கேப்டன் ஆஃப் ஸ்பின்னரைக் கூப்பிடறார் இல்லையா? பந்து வெளியே திரும்பிப் போய் ஆளைத் திணறடிக்கும்னுதானே! பேஸ்பால்லயும் அதே சூத்திரம்தான். இடது கை பேட்ஸ்மேனுக்கு இடது கை பிட்சர் போட்டா, பந்து முதுகுப் பக்கமிருந்து கிளம்பி வந்து வெளியே விலகி ஓடும். வலது கை பிட்சர்னா பந்து கையை விட்டுக் கிளம்பறதே பளிச்சுனு தெரியும், உள்ளேயும் வரும். அதனால ஒரே இடத்துக்கு ரெண்டு பேர், ஒரு லெஃப்டி, ஒரு ரைட்டி. இன்னிக்கு எதிரணி பிட்சர் யாருன்னு பார்த்து ஒருத்தரை இறக்குவாங்க. 1914-ல பாஸ்டன் பிரேவ்ஸ் மேனேஜர் ஜார்ஜ் ஸ்டாலிங்ஸ் இப்படி ஆளை மாத்தி மாத்தி இறக்கினார். ஜூலையில கடைசி இடத்துல கிடந்த டீம் அக்டோபர்ல வேர்ல்டு சீரிஸ் ஜெயிச்சிடுச்சு. அப்புறம் யார் கேள்வி கேட்பா?

நான் சொல்ல வந்தது ஜான் லோவன்ஸ்டைன் கதையை. 1970-ல கிளீவ்லாண்டு டீம்ல ஆரம்பிச்சார். இங்க ஒரு நாள், அங்க ஒரு நாள்னு எந்த இடமும் நிரந்தரமில்ல. 1976 டிசம்பர்ல டொரான்டோவுக்கு மாத்தினாங்க. ஒரு மேட்ச்கூட ஆடறதுக்கு முன்னாடி, அடுத்த மார்ச்சிலேயே கிளீவ்லாண்டு அவரைத் திரும்ப வாங்கிடுச்சு! மனுஷன் அழலை. "எனக்கு ரசிகர் மன்றம் வேணாம், என்னைக் கண்டுக்காதோர் சங்கம் வேணா வைங்க"ங்கற ரேஞ்சுல ஒரு சங்கத்தையே ஊக்குவிச்சார். நம்ம ஊர்ல இப்படி ஒரு சங்கம் வெச்சா முதல் மெம்பர் நான்தான்.

1979-ல பால்டிமோர் ஓரியோல்ஸ் டீமுக்கு வந்தப்ப வயசு 32. அங்க மேனேஜர் எர்ல் வீவர். எந்த பேட்ஸ்மேன் எந்த பிட்சரை எப்படி அடிச்சார்னு கார்டுல குறிச்சு வெச்சிருந்த கணக்குப் புலி. லெஃப்ட் ஃபீல்டு இடத்துக்கு லெஃப்டி லோவன்ஸ்டைன், ரைட்டி கேரி ரெனிக்கின்னு ஜோடி போட்டார். ரெனிக்கியும் லேசுப்பட்ட ஆளில்ல. அந்த வருஷம் மூஞ்சியில பந்து பட்டு, அதுக்கப்புறம் அமெரிக்கன் ஃபுட்பால் மாதிரி கம்பி வெச்ச ஹெல்மெட்டோட வந்து நின்னு அடிச்சவர்.

1979 அக்டோபர், லீக் ஃபைனல் முதல் மேட்ச். எதிரணி கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ். 3-3 சமநிலை, பத்தாவது இன்னிங்ஸ். அதுவரை பெஞ்ச்ல இருந்த லோவன்ஸ்டைனை மாற்று ஆளா அனுப்பினார் வீவர். வந்தார், ஹோம் ரன் அடிச்சார். மூணு ரன், மேட்ச் ஓவர்! மூணு மணி நேரம் சும்மா உட்கார்ந்துட்டு, உடம்பு சூடாகறதுக்குள்ள இதைச் செய்யறது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க.

1980-ல இன்னொரு கூத்து. ஸ்கோரைச் சமன் பண்ற அடி அடிச்சுட்டு ஓடும்போது எதிரணி எறிஞ்ச பந்து கழுத்துல பட்டு விழுந்துட்டார். ஸ்டேடியமே கப்சிப். ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போறாங்க. பாதி வழியில படக்குனு எழுந்து உட்கார்ந்து ரெண்டு கையையும் உயர்த்திக் காட்டினார். கூரை இருந்திருந்தா பிச்சுக்கிட்டுப் போயிருக்கும்!

1982-ல அவருக்கு 35 வயசு. பேட்டிங் சராசரி .320. அதாவது நூறுக்கு 32 தடவை ஹிட். பேஸ்பால்ல முப்பதைத் தொட்டாலே காலரைத் தூக்கிவிட்டுக்கலாம். ஹோம் ரன் 24, ரெனிக்கி 21, மொத்தம் 45. அந்த வருஷம் அவங்க லீக்ல தனி ஆளா அதிகபட்சம் அடிச்சது 39தான். (ரெனிக்கி வேற இடத்துலயும் ஆடினார், அதனால இது நேர்மையான ஒப்பீடு இல்ல. சும்மா ஒரு கெத்துக்குச் சொன்னேன்.)

ஆனா லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தா லோவன்ஸ்டைன் பேரே இருக்காது. பேட்டிங் பட்டியல்ல இடம் பிடிக்க சீசனுக்கு 502 தடவை களத்துல நிக்கணும். ப்ளாட்டூன் ஆளுக்கு அது எப்படி முடியும்? அந்த 502-ஐத் தொட்டு இதே சராசரியைக் காப்பாத்தியிருந்தா லீக் பட்டியல்ல மூணாவது இடம் அவருக்குத்தான்.

எனக்கு இடிக்கிறது வேற. இடது கை பிட்சர்னா அடிக்க மாட்டார்னு உட்கார வெச்சாங்க. உட்கார்ந்ததால அவங்க பந்தைப் பார்க்கற பழக்கம் விட்டுப்போச்சு. பழக்கம் விட்டதால நிஜமாவே அடிக்க முடியாம போச்சுன்னா, அது பலவீனமா, இல்ல கணக்கு பண்ணின வேலையா? வீவர் பக்கமும் நியாயம் இருக்கு. இந்த ஏற்பாடு இல்லாம கிளீவ்லாண்டுல எட்டு வருஷம் ஓட்டினவருக்கு, ஏற்பாட்டுக்குள்ள வந்தப்புறம்தான் பேரும் புகழும், 1983-ல வேர்ல்டு சீரிஸ் கோப்பையும் கிடைச்சது. இருந்தாலும் முழுசா 150 மேட்ச் கொடுத்திருந்தா என்ன ஆகியிருப்பார்? 16 சீசன்ல யாரும் டெஸ்ட் பண்ணிப் பார்க்கலை.

1985-ல ஓரியோல்ஸ் அவரை அனுப்பி வெச்சுது. அதுக்கப்புறம் அதே டீமோட மேட்ச்களுக்கு டி.வி. கமென்டேட்டரா உட்கார்ந்து பல வருஷம் கலாய்ச்சுத் தள்ளினார். அங்க பிட்சர் லெஃப்டியா ரைட்டியான்னு யாரும் பார்க்கலை. முழு மேட்ச்சும் அவருக்குத்தான்.