கோல்டன் ஐடல்: கொலைகாரன் கிடைச்சாச்சு, லங்காவைத்தான் காணோம்

கட்டுகஸ்தோட்டையில ஒரு நண்பர் வீடு, ஒரே ஒரு லெப்டொப், நாலு பேர், வெளியே விடாத மழை. இப்படித்தான் மூன்று இரவுகளில் 'த கேஸ் ஒஃப் த கோல்டன் ஐடல்' கேமை முடித்தோம். 2022 ஒக்டோபரில் வந்தது. செய்தவர்கள் லத்வியாவைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள். 18ஆம் நூற்றாண்டு, ஒரு தங்கச் சிலை, அதன் மேல் ஆசைப்பட்டவர்கள், வரிசையாகச் சாவுகள். கேம் பிடிச்சிருந்தது. ஆனா அதைப் பற்றி எழுதியே ஆகணும்னு தோணினது, 2023இல் வந்த துணைக்கதையின் பெயரைப் பார்த்த பிறகுதான்: 'த ஸ்பைடர் ஒஃப் லங்கா'.

விளையாடாதவங்களுக்காக முதலில் அது எப்படி இயங்குதுன்னு சொல்லிடறோம். (முடிவுகள் எதையும் உடைக்க மாட்டோம், பயப்படாதீங்க.) ஒரு சாவு நடந்த கணம் அப்படியே உறைந்து நிற்கும். முதல் கேஸில் மலை உச்சியில் ஒருவர் இன்னொருவரைத் தள்ளிவிடுகிற அந்த நொடி. நீங்க ஓட வேண்டியதில்லை, சுட வேண்டியதில்லை. அங்கே நிற்பவர்களின் சட்டைப்பையைத் துழாவலாம், கடிதங்களைப் படிக்கலாம், கதவுக்குப் பின்னால் பார்க்கலாம். கண்ணில் படுகிற பெயர்ச்சொல், வினைச்சொல் எல்லாம் கீழே சேர்ந்துகொண்டே வரும். பிறகு இன்னொரு பக்கத்தில் வெற்றிடங்கள் விட்ட ஒரு பத்தி இருக்கும். யார், யாரை, எதால், எதற்காக. சேர்த்த சொற்களை வைத்து அதை நிரப்ப வேண்டும். ஐந்தாம் வகுப்பில் செய்த 'இடைவெளி நிரப்புக' தான். ஆனா இதில் ஒரு சொல் பிழைத்தாலும் கேஸ் முடியாது.

இந்த ஒரு விஷயத்துக்காகவே நாங்க இதை எல்லாருக்கும் சிபாரிசு பண்ணுவோம். மற்ற துப்பறியும் கேம்களில் கதாநாயகன் தானாகவே 'ஆஹா' என்று கண்டுபிடிப்பான், நாம பட்டனை அமுக்குவோம். இதில் கண்டுபிடிக்க வேண்டியது நாமதான். அதைவிட முக்கியம், 'யார்' என்ற இடத்தில் ஓர் ஆளின் பெயரைத்தான் போட முடியும். முதற்பெயர் தனி, குடும்பப்பெயர் தனி. 'அவனுங்க' என்று போட முடியாது.

எங்களுக்கு இது ஏன் உறைச்சதுன்னா, 2018 மார்ச்சில் நாங்க பள்ளிக்கூடப் பிள்ளைகள். தெல்தெனியவில் வீதியில் நடந்த ஒரு தகராறில் தாக்கப்பட்ட லொறி சாரதி ஒருவர் இறந்துபோனார். தாக்கியவர்கள் சில பேர். ஆனா திகன பக்கம் எரிந்தது அந்தச் சில பேரின் வீடு அல்ல. சம்பந்தமே இல்லாத முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும். மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது, ஃபேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் நிறுத்தப்பட்டன. 'யார்' என்ற வெற்றிடத்தில் ஒரு சமூகத்தின் பெயரை எழுதிவிட்டு எல்லாரும் விடை சரின்னு நம்பின வாரம் அது. அந்த மாதிரி விடையைப் போடவே இடம் தராத ஒரு கேமை விளையாடும்போது ஏதோ ஒன்று நெஞ்சில் தட்டத்தான் செய்யுது.

சரி, குறைகள். இரண்டு அல்லது அதற்குக் குறைவான பிழை இருந்தால் கேமே அதைச் சொல்லிவிடும். அவ்வளவுதான், நாலு பேரும் துப்பறிவதை விட்டுட்டு சொற்களை மாத்தி மாத்திப் போட ஆரம்பிச்சிட்டோம். ஏழாவதா எட்டாவதா கேஸில் விடை சரி ஆனது, ஏன் சரின்னு ஒருத்தருக்கும் தெரியல. குடும்பப்பெயர் விஷயமும் நமக்குப் படுத்தும். அப்பா பெயரின் முதலெழுத்தோடு வளர்ந்த நமக்கு, நாலு பேருக்கு ஒரே கடைசிப் பெயர் இருந்தா தலை சுத்துது. ஆங்கிலம் இன்னொரு சுவர். தமிழிலும் இல்லை, சிங்களத்திலும் இல்லை. பழைய காலத்துக் கடித நடை வேற. எங்களில் ஒருத்தர் வாசிச்சு வாசிச்சு மொழிபெயர்த்ததால்தான் மற்ற மூணு பேரும் தாக்குப்பிடிச்சோம்.

இனி லங்கா. துணைக்கதை மூன்றே கேஸ். காலம் 1741. தீவு ராச்சியம், அரண்மனைச் சதி, சிலையைத் தேடி வந்த ஐரோப்பியர். கற்பனை நாடுதான், சண்டை போட வரல. (சிலை லெமூரியாவிலிருந்து வந்ததுன்னு தெரிஞ்சதும் குமரிக்கண்ட ரசிகர் ஒருத்தர் எழும்பி நின்னு கைதட்டினார். லெமூரியா என்ற பெயரை 1864இல் வைத்தவர் லெமூர் குரங்குகளைப் பற்றி யோசித்த ஓர் ஆங்கிலேயர்னு சொல்லி அவரை உட்கார வைச்சோம்.) புதிர்களும் நல்லா கட்டியிருக்காங்க. ஆனா லங்கா என்பது அங்கே ஒரு திரைச்சீலை. பெயரை மாற்றி வேறு எந்தக் கிழக்குத் தீவை வைத்தாலும் கதை அசையாது.

உண்மையான 1741இல் கண்டியில் ஆண்டது ஸ்ரீ விஜய ராஜசிங்கன், இங்கே அரியணை ஏறிய முதல் நாயக்கர். கரையோரம் ஒல்லாந்தர் கையில். இவருக்கு அடுத்து வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 1760இல், மல்வத்தை விகாரையில் நடந்த சதியைப் பாருங்க. பண கேட்க அரசனை அழைக்கிறார்கள். உட்கார வைத்த ஆசனத்துக்கு அடியில் மூடி மறைத்த குழி, அதில் கூர்முனைகள். அரியணையில் ஏற்ற ஒரு சீயத்து இளவரசரும் தயார். செய்தியை அரசனுக்கு முன்கூட்டிச் சொன்னவர் கோபால முதலியார் என்ற முஸ்லிம் பிரதானி என்று பதிவுகள் சொல்கின்றன. சமனக்கொடி அதிகார் கொல்லப்பட்டார். இன்றைக்கு நாம சுற்றி நடக்கிற ஏரி அப்போ கிடையாது, அது 1807இல் கட்டினது. வயலைத் தாண்டித்தான் அரசன் அந்த விகாரைக்குப் போயிருக்கணும். கேம் செய்றவங்க யோசிச்சாலும் வராத காட்சி இது.

இதை அந்தப் பத்தியில் நிரப்பிப் பாருங்க. யார், யாரை, எதால் என்பதெல்லாம் ஓரளவு வந்திடும். 'எதற்காக' வரும்போதுதான் சிக்கல். அரசன் நெற்றியில் திருநீறு பூசினான் என்ற மனக்குறையை ஒரு சிங்கள நூல் எழுதி வைத்திருக்கு. ஆனா 1753இல் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து உபசம்பதாவை மீட்டதும் இதே அரசன்தான். மதமா, அதிகாரமா, பிரதானிகளுக்குள்ளே இருந்த போட்டியா, ஒல்லாந்தர் கையா? ஒரே சொல்லில் எதைப் போட்டாலும் பாதிதான் சரி. கோல்டன் ஐடலில் இப்படி ஒரு வெற்றிடமே இல்லை. அங்கே காரணம் எப்பவும் பேராசை, பொறாமை, பதவி என்று ஒரு சொல்லுக்குள் அடங்கிடும். 'யார்' என்பதில் அவ்வளவு கறாரா இருக்கிற கேம், 'ஏன்' என்பதில் சீக்கிரம் திருப்திப்பட்டுக்குது. எங்களுக்கு இதுதான் அதன் பெரிய குறை.

விளையாடுங்க. தனியா வேண்டாம், மூணு நாலு பேரா, ஒரு கொப்பியும் பேனையும் வைச்சுக்கிட்டு. 'இரண்டு பிழை' என்று வந்தால் சொல்லை மாற்றாதீங்க, காட்சிக்குத் திரும்பிப் போங்க.

எங்களில் படம் வரையற ஒருத்தர் மல்வத்தைக் காட்சியைத் தாளில் கேஸ் மாதிரியே வரைய ஆரம்பிச்சிருக்கார். ஆசனம் ரெடி, குழி ரெடி. கோபால முதலியாரின் சட்டைப்பையில் என்ன இருந்திருக்கும்னுதான் இரண்டு வாரமா சண்டை போயிட்டிருக்கு.