சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட கத்தல்

அந்த இசைக்குழுவின் பெயரே கொஞ்சம் வில்லங்கமானது. அண்டர்ஓத். கோர்ட்டில் கூண்டேறி, சத்தியம் செய்துவிட்டுப் பேசுகிறவரின் நிலையைச் சொல்லும் ஆங்கிலச் சொல். 1997-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் சில விடலைப் பையன்கள் தொடங்கிய குழு. கிறிஸ்தவர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே மேடையேறினார்கள். சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, அந்த முத்திரை இனி வேண்டாம் என்றார்கள். பழைய ரசிகர்களில் ஒரு பகுதியினருக்கு இது துரோகமாகப் பட்டது.

கோபத்தைப் புரிந்துகொள்ள, இசையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஹெவி மெட்டலின் கனத்த கிடாரும் ஹார்ட்கோர் பங்க்கின் ஆவேசமும் சேர்ந்தால் மெட்டல்கோர். பாடலின் நடுவே வேகம் திடீரென்று தளர்ந்து, கிடாரும் டிரம்ஸும் ஒன்றாகச் சம்மட்டி அடிக்கும். கூட்டம் முட்டி மோதி ஆடுவது அப்போதுதான். போஸ்ட் ஹார்ட்கோர் என்பது அதே கோபத்துக்கு மெட்டும் நெளிவு சுளிவும் சேர்த்த வகை. அண்டர்ஓத்தில் இரண்டும் உண்டு. ஸ்பென்சர் சேம்பர்லின் தொண்டை கிழியக் கத்துவார்; டிரம்ஸ் வாசித்தபடியே ஆரோன் கில்லெஸ்பி இனிமையாகப் பாடுவார். சர்ச்சில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் கத்தல் பிரார்த்தனையாகவே கேட்டது. பெற்றோருக்கும் ஆட்சேபணை இல்லை. சத்தம் எப்படியிருந்தாலும் சரக்கு நம்முடையது அல்லவா?

அமெரிக்காவில் கிறிஸ்தவ இசை ஒரு தனிச் சந்தை. அதற்கென்று ரெக்கார்டு கம்பெனிகள், விழாக்கள், விற்பனைப் பட்டியல்கள் எல்லாம் உண்டு. அந்தச் சந்தையில் வளர்ந்த அண்டர்ஓத், 2006-ல் வெளியிட்ட 'டிஃபைன் த கிரேட் லைன்' ஆல்பத்தின் மூலம் அதன் வேலியையும் தாண்டியது. முதல் வாரத்தில் சுமார் 98,000 பிரதிகள் விற்று, பில்போர்டின் பொதுப் பட்டியலில் நேராக 2-ம் இடம் பிடித்தது.

அதன்பின் சரிவு. 2010-ல் கில்லெஸ்பி விலகினார். 2013-ல் குழு கலைந்தது. மேடையில் விசுவாசத்தின் முகமாக நின்ற காலத்திலேயே போதைப் பழக்கத்தோடு மல்லுக்கட்டியதை சேம்பர்லின் பின்னாளில் வெளிப்படையாகப் பேசினார். மறுபடி ஒன்றுகூடி 2018-ல் கொண்டுவந்த 'இரேஸ் மி' ஆல்பத்தில் மத முத்திரை இல்லை. ஒரு பாடலில் கெட்ட வார்த்தைகூட இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே பாடல்தான் சிறந்த மெட்டல் பாடலுக்கான கிராமி பரிந்துரையைப் பெற்றது.

ரசிகர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. முத்திரையால் கிடைத்த மேடையையும் கைதட்டலையும் அனுபவித்துவிட்டு, பிறகு அதை உதறுவது சுலபம். வாங்கியவர்கள் வெறும் பாட்டை மட்டும் வாங்கவில்லை. ஒரு வாக்குறுதியையும் சேர்த்துத்தான் வாங்கினார்கள்.

ஆனால், மாற்று வழி என்ன? உள்ளே சந்தேகம் அரித்துக்கொண்டிருக்க, வெளியே விற்பனைக்காக பக்தி காட்டுவதா? அதை ஊக்குவிப்பது மதம் அல்ல, சந்தை. கில்லெஸ்பியையே பாருங்கள். குழுவை விட்டு வெளியே இருந்தபோது, 2011-ல், துதிப்பாடல் ஆல்பம் வெளியிட்டவர் அவர். முத்திரையைத் துறந்த குழுவிலும் அவரே டிரம்ஸ் வாசிக்கிறார். ஒருவரின் நம்பிக்கையைக் குழுவின் லேபிளில் தேட முடியாது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

2025 மார்ச்சிலும் புதிய ஆல்பம் வந்தது. கத்தல் குறையவில்லை. கூண்டேறியவரிடம் கோர்ட் எதிர்பார்ப்பது உண்மையை மட்டும்தான். அது நமக்குப் பிடித்த பதிலாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை.