மீசை ஒட்டினால் கோடீஸ்வரர்!

காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றம் பக்கம் போனால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். குழித்தறியில் காலை விட்டு, பழைய பனியனோடு உட்கார்ந்திருப்பவர் நெய்வது பல ஆயிரம் ரூபாய் பட்டுப்புடவை. அதைக் கட்டிக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குள் நுழைபவருக்கு முன்வரிசை நாற்காலி. நெய்தவர் அதே பனியனில் போனால், பந்தி பரிமாற வந்தவர் என்று நினைத்துவிடுவார்கள்.

துணியைப் பார்த்து ஆளை எடைபோடும் இந்தப் பழக்கம்தான் நம்ம ஆள்மாறாட்டக் காமெடிகளுக்கெல்லாம் முதலீடு. அதில் இன்றைக்கும் அடித்துக்கொள்ள ஆளில்லாத படம், ஸ்ரீதர் இயக்கி 1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை'.

கதை தெரியாத 2கே கிட்ஸுக்காக: எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனுக்கு (பாலையா) பணக்கார மாப்பிள்ளைகள்தான் வேண்டும். அவர் வேலையை விட்டுத் தூக்கிய அசோக் (ரவிச்சந்திரன்) அவர் மகளையே காதலிக்கிறான். உடனே 'எங்கப்பா கோடீஸ்வரர்' என்று ஒரு பொய். அந்த அப்பாவாக வேஷம் கட்டி வருபவன் நண்பன் வாசு (முத்துராமன்). அவ்வளவுதான்... நேற்றுவரை விரட்டிய பாலையா, குழைந்து குழைந்து உபசரிக்கிறார். அசோக் அதே அசோக்தான், மாறியது அப்பா மட்டும்!

இதில் பெரிய குசும்பு, வாசு நிஜமாகவே பணக்கார வீட்டுப் பிள்ளை. அவன் காதலியோ பாலையாவின் இன்னொரு மகள். நிஜப் பணக்காரன், பொய்ப் பணக்காரக் கிழவனாக சொந்தக் காதலி முன்னால் மாட்டிக்கொண்டு முழிக்கிறான்.

நாகேஷ் பேய்க்கதை சொல்லும் சீனைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறோம். எனக்கு வேறொரு இடம் உறுத்தும். பாலையா வீட்டு வாசலில் கூடாரம் போட்டு அசோக் கேட்டது வேலையைத்தான். உண்மையைச் சொன்னவரைக்கும் வாசல். பொய் சொன்னதும் வீட்டுக்குள் ராஜ மரியாதை. 1981-ல் வந்த 'தில்லு முல்லு'விலும் ரஜினிக்கு வேலை கிடைக்க ஒரு மீசை தேவைப்பட்டது. அதைக் காப்பாற்றிக்கொள்ள மீசையில்லாத ஒரு தம்பியும் தேவைப்பட்டான்.

இப்போது மீசைக்குப் பதில் ஐ.டி. கார்டு. ஒரகடம் பக்கம் ஒப்பந்த வேலை பார்க்கும் பையன், கழுத்தில் கம்பெனி டேக்கோடு போட்டோ அனுப்பினால் ஜாதகம் கேட்கிறார்கள். பட்டு நெய்பவன் 'தறி' என்று சொன்னால், "வேற வேலைக்கு எதுவும் போகலையா தம்பி?" என்று இழுக்கிறார்கள். அதே வீட்டுக்காரர்கள்தான் பெண்ணின் முகூர்த்தப் புடவைக்கு, அவன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார்கள்.