சும்மா இருக்கும் கணினி விழுங்கும் மின்சாரம்

விசைப்பலகையை யாரும் தொடவில்லை. திரை இருண்டு வெகு நேரமாகிவிட்டது. வீட்டார் உறங்கிவிட்டார்கள். ஆனாலும் மேசைக்கடியில் இருக்கும் கணினி 60 வாட்டிலிருந்து 100 வாட் வரை விடாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. விளையாட்டுக்கென்று பாகம் பாகமாகத் தேர்ந்து பொருத்தி வாங்கும் மேசைக் கணினிகளில் இது சர்வசாதாரணம். கூரை விசிறி ஒன்று முழு வேகத்தில் சுழல ஆகும் மின்சாரம் அது. ஆளில்லாத அறையில் விசிறி ஓடினால் “யார் அதை அணைக்காமல் வந்தது?” என்று அம்மா குரல் கொடுப்பார். கணினியைப் பற்றி அப்படிக் கேட்க வீட்டில் ஆளில்லை. அது இழுப்பது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

இது செமினி கவனிக்க வேண்டிய செய்தி. ரப்பர்த் தோட்டங்கள் தாமான்களாகிவிட்ட ஊர் இது. நோட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் 2005-இல் இங்கே வந்த பிறகு மாணவர் வாடகை வீடுகளும் பெருகின. நாலைந்து பேர் சேர்ந்து எடுக்கும் வீட்டில் ஆளுக்கொரு கணினி இருக்கிறது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, பிள்ளைகளின் வகுப்புக்கும் பெரியவர்களின் வேலைக்கும் என்று கணினி இல்லாத வீடுகளும் கடன்பட்டு ஒன்றை வாங்கி வைத்தன. வகுப்பு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டது. கணினி மட்டும் பல வீடுகளில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. மாதக் கடைசியில் கரண்டு பில் வரும்போது பழி ஏர்கோன் மீதும் குளிர்பெட்டி மீதும் விழுகிறது.

அந்தப் பில்லின் கணக்கும் மாறிவிட்டது. 2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் புதிய மின் கட்டணம் நடப்பில் உள்ளது. மாதம் 1,500 யூனிட் வரை செலவழிக்கும் வீட்டுக்கு எரிசக்தி, கொள்ளளவு, கட்டமைப்பு என்ற மூன்று கட்டணங்களும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென் அடிப்படை விலை. 1,000 யூனிட்டைத் தாண்டாத வீடுகளுக்குச் சிக்கன ஊக்கக் கழிவு உண்டு. குறைவாகச் செலவழித்தால் அது கூடும், செலவு ஏற ஏறக் கரையும். இன்னொரு கோடு 600 யூனிட்டில் இருக்கிறது. அதற்குள் நின்றால் மாதம் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம் இல்லை. தாண்டினால் அந்தப் பத்து ரிங்கிட் ஏறும், தாண்டிய பகுதிக்குச் சேவை வரி ஏறும், எரிபொருள் விலையின் மாதாந்திர ஏற்ற இறக்கமும் பில்லுக்குள் வந்துவிடும்.

இப்போது கணினியைக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 80 வாட் இழுக்கும் கணினி ஒரு நாளில் 16 மணி நேரம் ஆளில்லாமல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 38 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. கழிவைச் சேர்க்காமல் அடிப்படை விலையில் பார்த்தால் 17 ரிங்கிட், ஆண்டுக்கு 200 ரிங்கிட்டுக்கும் கூடுதல். 570 யூனிட்டில் நிற்கக்கூடிய குடும்பம் இந்த ஒரே காரணத்தால் 608-க்குப் போய்விடும், 600 கோட்டுக்கு அப்பால். நான்கு கணினி உள்ள வாடகை வீட்டில் இந்தத் தொகையை நான்கால் பெருக்குங்கள். கணினிகள் விடும் வெப்பம் அறைக்குள்ளேயே தங்குகிறது. குளிர்நாட்டில் அந்த வெப்பம் அறையைச் சூடாக்கவாவது உதவும். இங்கே அதை வெளியேற்ற ஏர்கோன் மேலும் மின்சாரம் செலவழிக்கிறது. ஒரே விரயத்துக்கு இரண்டு முறை பணம் கட்டுகிறோம்.

இழுப்பது எது என்று கண்டுபிடிப்பது கடினமான வேலை அல்ல. சுவர்ச் சாக்கெட்டுக்கும் கணினியின் பிளக்குக்கும் நடுவில் செருகும் சிறிய வாட் மீட்டர் ஒன்று போதும். முதலில் கணினியை முழுவதும் அணைத்து, சாக்கெட்டின் சுவிட்சை மட்டும் போட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து கணினியைத் திறந்து, எந்தச் செயலியையும் ஓட்டாமல் பத்து நிமிடம் விட்டுவிட்டுப் பாருங்கள். மூன்றாவதாக உறக்க நிலைக்கு அனுப்பிப் பாருங்கள். அணைத்த நிலையிலும் உறக்கத்திலும் எண் ஒற்றை இலக்கத்தில் நிற்க வேண்டும். உறங்க அனுப்பிய பிறகும் 50, 60 என்று காட்டினால் அந்தக் கணினி உறங்கவே இல்லை.

உறங்காததற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே ஓடும் ஏதோ ஒரு நிரல்தான். பாதியில் நிறுத்தி வைத்த காணொளி, மூடாத உலாவி, பின்னணியில் கோப்பு இறக்கும் செயலி, ஒலி அட்டையின் டிரைவர் என எது வேண்டுமானாலும் இருக்கலாம். விண்டோஸிலேயே பவர்சிஎஃப்ஜி என்றொரு கட்டளை இருக்கிறது. அதோடு ‘ரிக்வெஸ்ட்ஸ்’ என்று சேர்த்துக் கொடுத்தால் கணினியை விழித்திருக்கச் சொல்வது யார் என்று பெயரோடு காட்டும். ‘எனர்ஜி’ என்று கொடுத்தால் ஒரு நிமிடம் கவனித்து அறிக்கையே தயாரித்துத் தரும். லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு இன்டெல் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பவர்டாப் உண்டு. இவை எல்லாம் இலவசம். யாரும் தொடாதபோதும் விசிறி இரைந்து, செயலகம் (சிபியு) முழு வேகத்தில் ஓடினால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. களவு விளையாட்டுகளோடும் களவு மென்பொருள்களோடும் ஒட்டிக்கொண்டு வந்து, பிறருக்காகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் வைரஸ்கள் இருக்கின்றன. நாணயம் அவர்களுக்கு, கரண்டு பில் நமக்கு.

நிரல்கள் சரியாக இருந்தும் எண் இறங்கவில்லை என்றால் அடுத்து பார்க்க வேண்டியது கிராஃபிக்ஸ் அட்டை. இரண்டு திரைகளை மாட்டினாலோ, ஒரே திரையை 144 ஹெர்ட்ஸிலோ அதற்கு மேலோ ஓட்டினாலோ, சில அட்டைகளின் நினைவகம் ஓய்வு வேகத்துக்கு இறங்குவதே இல்லை. பத்து இருபது வாட்டில் இருக்க வேண்டிய அட்டை அதன் பல மடங்கில் நிற்கும். 2022 டிசம்பரில் வெளிவந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 7900 அட்டைகளில் இந்தக் குறை இருந்ததை ஏஎம்டியே தன் டிரைவர் குறிப்புகளில் ஒப்புக்கொண்டது. மீட்டரைப் பார்த்தபடியே திரையை 60 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், பிறகு இரண்டாவது திரையைக் கழற்றுங்கள். எந்த இடத்தில் எண் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் ஓட்டை.

மூன்றாவது, மின்வழங்கி (பவர் சப்ளை). கடைக்காரர் “பின்னால் மேம்படுத்த உதவும்” என்று 850 வாட் பெட்டியைத் தலையில் கட்டியிருப்பார். சும்மா இருக்கும் கணினிக்குத் தேவை நாற்பது ஐம்பது வாட். கல்யாண வீட்டு அண்டாவில் ஒருவருக்குச் சோறு வடிப்பதைப் போன்றது இது. 2004-இல் தொடங்கிய 80 பிளஸ் தரச் சான்று பெரும்பாலும் 20, 50, 100 விழுக்காட்டுச் சுமைகளில்தான் மின்வழங்கியைச் சோதிக்கிறது. டைட்டானியம் வகைக்கு 10 விழுக்காட்டுச் சோதனையும் உண்டு. ஐந்து விழுக்காட்டுச் சுமையில் அந்தப் பெட்டி எவ்வளவை வெப்பமாகக் கொட்டுகிறது என்பதைச் சான்று சொல்வதில்லை. ஒன்றை மட்டும் எச்சரிக்கிறோம்: மின்வழங்கியைப் பிரித்துப் பார்க்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

நான்காவது, தாய்ப்பலகையின் பயாஸ் அமைப்பு. வேலையில்லாதபோது செயலகம் ஆழ்ந்த ஓய்வுக்குப் போக வழி அங்கே இருக்கிறது. வேகத்தைக் கூட்டுவதற்காகச் சிலர் அதை நிறுத்தி வைத்துவிடுகிறார்கள். சில கணினிகளில், மின்சேமிப்பு நிலைக்குப் போக மறுக்கும் ஒரே ஒரு செருகு அட்டை மொத்தச் செயலகத்தையும் விழித்திருக்க வைக்கும். அணைத்த பிறகும் விசைப்பலகை வண்ண வண்ணமாக ஒளிர்ந்தால், பயாஸில் ‘இஆர்பி’ என்ற அமைப்பைத் தேடிப் போட்டுவிடுங்கள். யூஎஸ்பி வழியே கசிவது நின்றுவிடும்.

இவ்வளவையும் பொதுமக்கள் தலையில் கட்டிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது. நம் கவலையின் மையம் இதுதான். குளிர்பெட்டி வாங்கும்போது நட்சத்திரம் பார்க்கிறோம். ஏர்கோன், விசிறி, தொலைக்காட்சி, சலவை இயந்திரம் எல்லாவற்றிலும் எரிசக்தி ஆணையத்தின் வில்லை இருக்கிறது. லோ யாட் பிளாசாவில் ஏறி இறங்கி, ஐயாயிரம் ரிங்கிட் கொடுத்துப் பொருத்தி வாங்கும் கணினியின் பெட்டியில் எந்த வில்லையும் இல்லை. சும்மா இருக்கும்போது எவ்வளவு இழுக்கும் என்று விலைப்பட்டியலில் ஒரு வரியும் இல்லை. கேட்டாலும் சொல்லக்கூடிய விற்பனையாளர் அரிது, ஏனென்றால் அளந்து பார்க்கும்படி அவரை யாரும் கேட்டதில்லை.

உலகில் இது புதிய சிந்தனை அல்ல. அமெரிக்காவில் எனர்ஜி ஸ்டார் முத்திரை 1992-இல் பிறந்தபோது முதலில் ஒட்டப்பட்டதே கணினிகளிலும் திரைகளிலும்தான். காத்திருப்பு நிலையில் எந்தக் கருவியும் ஒரு வாட்டைத் தாண்டக் கூடாது என்ற திட்டத்தைப் பன்னாட்டு எரிசக்தி முகமை 1999-இல் முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுக் கருவிகளின் அணைத்த நிலைக்கு 2013 முதல் அரை வாட் வரம்பு விதித்தது. கலிஃபோர்னியா ஒரு படி மேலே போய், மேசைக் கணினி சும்மா இருக்கும்போது செலவழிக்கும் மின்சாரத்துக்கே 2019-இல் சட்ட வரம்பு போட்டது. 2021 ஜூலையில் அது மேலும் இறுகியபோது, டெல் நிறுவனம் தன் ஏலியன்வேர் கணினிகளில் சில வகைகளை அந்த மாநிலத்துக்கு அனுப்புவதை நிறுத்தியது. பெரிய நிறுவனத்தையும் சட்டம் வழிக்குக் கொண்டுவரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் எவன் மில்ஸ் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, விளையாட்டுக் கணினி ஒன்று ஆண்டுக்குச் சுமார் 1,400 யூனிட் விழுங்குவதாகவும், அது சாதாரணக் கணினியைப் போல ஆறு மடங்கு என்றும் கணித்தது.

நம் நாட்டிலும் மின்சாரக் களவின் மீது அரசுக்குக் கோபம் வந்ததைப் பார்த்தோம். 2021-இல் மிரியில், திருட்டு மின்சாரத்தில் பிட்காயின் தோண்டிய 1,069 இயந்திரங்களைச் சாலை உருளையை ஏற்றிக் காவல்துறை நொறுக்கியது. களவுக்கு அந்தத் தண்டனை தகும். ஆனால் பணம் கட்டிய மின்சாரம் வீணாகும்போதும் எரிவது அதே நிலக்கரிதான். தீபகற்பத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும் பிறக்கிறது. அந்த நிலக்கரி கப்பலேறி வெளிநாட்டிலிருந்து வருகிறது. கிள்ளானை அடுத்த காப்பார் மின்நிலையத்தைச் சுற்றி வாழும் நம் மக்கள் அந்தப் புகையின் அருகில் வாழ்கிறார்கள். ஒரு மில்லியன் கணினிகள் ஒவ்வொன்றும் 60 வாட் வீணாக்கினால் மொத்தம் 60 மெகாவாட். யாருக்கும் பயனில்லாத அந்த மின்சாரத்துக்காக ஏதோ ஓர் உலை எரிந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

எரிசக்திச் சிக்கன, பேணல் சட்டம் 2024 வெறும் வாக்குறுதியாக நில்லாமல் 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்துவிட்டது. ஆகவே நாம் கேட்பவை புதிய சட்டம் தேவைப்படுபவை அல்ல. மேசைக் கணினிகளையும் மின்வழங்கிகளையும் எரிசக்தி ஆணையம் நட்சத்திர வில்லைக்குள் கொண்டுவர வேண்டும். சும்மா இருக்கும் நிலை, உறக்க நிலை, அணைத்த நிலை மூன்றின் வாட் அளவையும் விலைப்பட்டியலில் எழுதுவதைக் கடைகளுக்குக் கட்டாயமாக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் மக்கள் பழையதை மாற்றிப் புதிய கணினி வாங்கிக்கொண்டிருக்கும் காலம் இது. இன்று விற்கப்படும் கணினி இன்னும் பல ஆண்டுகள் நம் வீட்டில் ஓடும். தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் அத்தனை ஆண்டு விரயத்தைச் சேர்த்துக் கட்டுகிறது.

ஆணையம் அசையும் வரை நாமும் கைகட்டி நிற்க வேண்டாம். நம் தமிழ்ப்பள்ளிகளின் கணினி அறைகள், டியூஷன் மையங்கள், கோயில் அலுவலகங்கள், சங்கங்கள் ஆகியவை ஒரு வாட் மீட்டரை வாங்கி வைத்துச் சுற்றுக்கு விடலாம். அதை வைத்து வீட்டுக் கணினியை அளக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். அறிவியல் பாடமும் அதற்குள் நடந்துவிடும். கடையில் கணினி கேட்கும்போது “இது சும்மா இருக்கும்போது எத்தனை வாட்?” என்று விலைக்கு முன்பே கேளுங்கள். பதில் சொல்ல முடியாத கடையில் வாங்காதீர்கள். வேலை முடிந்தால் கணினியை அணையுங்கள், சுவர்ச் சுவிட்சையும் சேர்த்து. ஆணையத்துக்கு நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் வழியே கடிதம் போகட்டும். செமினியிலிருந்து முதல் கடிதம் இந்த மாதமே புறப்பட வேண்டும்.