பாலம் கட்டினவர் பேர் என்ன?

அடையாறு ஆற்றின் மேல் தினமும் கடக்கிற ரெண்டு பாலங்களுக்குத் தமிழறிஞர்கள் பெயர். சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள், அடையாறில் திரு.வி.க. ரெண்டு பேர் மேலும் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதை முதலிலேயே சொல்லிடறேன், அப்புறம் 'தமிழ் விரோதி'ன்னு கும்ம வேண்டாம். என் சண்டை புதுப் பெயர்களோடு இல்லை. பழைய பெயர்கள் ரெண்டையும் ஒரே தராசில் வைத்துத் தூக்கிப் போட்டோமே, அதோடுதான்.

திரு.வி.க. பாலம் 1973-ல் வந்தது. அதுக்கு முன்னாடி எல்பின்ஸ்டன் பாலம். 1837 முதல் 1842 வரை மதராஸ் கவர்னராக இருந்தவர் பெயர். ஆண்டவர் பெயர் ஆட்சியோடு போச்சு. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது.

சைதாப்பேட்டை கதை வேற. அங்கே 1966-ல் புதுப் பாலம் வருகிறவரை இருந்தது மர்மலாங் பாலம். 1726-ல் அதைக் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. கவர்னர் இல்லை, கம்பெனி அதிகாரி இல்லை, ஆங்கிலேயரே இல்லை. பரங்கிமலைக்குப் போகிறவர்கள் ஆற்றைக் கடக்கச் சொந்தக் காசில் 30,000 வராகன் செலவழித்தார். பராமரிப்புக்குத் தனியாக 1,500 வராகன் ஒதுக்கினார். மலைக்கு ஏறப் படிகளும் கட்டிக் கொடுத்தார்.

இவ்வளவும் செய்த மனுஷன் பாலத்துக்குத் தன் பெயர் வைக்கலை. 'மர்மலாங்' என்பது வேறொன்றும் இல்லை, வெள்ளைக்காரர்கள் வாயில் நசுங்கின நம்ம மாம்பலம்தான்! அன்னியப் பெயரை அழித்ததாக நினைத்து ஒரு தமிழ் ஊரின் பெயரை அழித்திருக்கிறோம்.

"240 வருஷப் பாலம் இன்றைய லாரியைத் தாங்குமா?" என்று கேட்பீர்கள். தாங்காது. புதுசு கட்டத்தான் வேணும். யார் அதை மறுத்தது? பாலத்தை மாற்றுவது இன்ஜினீயர் வேலை. கட்டினவரை மறப்பது யார் வேலை?

"என்றைக்கோ செத்த வியாபாரிக்கு எதுக்கு இவ்வளவு?" என்றும் கேட்பீர்கள். பஸ் ஸ்டாப் நிழற்குடைக்குக் கூட 'உபயம்' எழுதி, தலைவர் படம் போடுகிற ஊர் இது. அதுவும் நம்ம வரிப்பணத்தில். சொந்தப் பணம் போட்டவருக்கு மட்டும் கணக்குப் பார்ப்போமா?

உஸ்கானின் நினைவுக் கல் ஒன்று பல வருஷம் கேட்பாரில்லாமல் சைதாப்பேட்டைப் பாலத்தருகே கிடந்தது. அதில் இருப்பது ஆர்மீனியம், பாரசீகம், லத்தீன். மூன்றுமே அந்தப் பக்கம் போகிறவர்கள் யாருக்கும் படிக்கத் தெரியாத மொழிகள். 2026-ஓடு கணக்கு 300 வருஷம். மறைமலை அடிகள் பெயர் அப்படியே இருக்கட்டும். அதுக்குக் கீழே, பஸ்ஸில் போகிறவர் கண்ணில் படுகிற மாதிரி, நல்ல தமிழில் ரெண்டு வரி: இங்கே முதல் பாலம் கட்டியவர் உஸ்கான், பாலத்தின் பெயர் மாம்பலம்.

தனித்தமிழுக்காகவே வாழ்ந்தவர் பெயர் தாங்கிய பாலத்தில் இதை எழுதக் கூடவா தமிழுக்குப் பஞ்சம்?