பெயரை வாசித்தால் போதுமா?

பழைய ஜப்பானிய வாளுறுப்புகளில் பொறித்த எழுத்துகளைக் கைபேசியால் படம்பிடித்து, நொடியில் மொழிபெயர்ப்பும் பெற்று, 'செய்தவன் பெயர் கிடைத்துவிட்டது' என்று முழங்குவோர் பெருகிவருகிறார்கள். இனி நிபுணர் எதற்கு என்ற கேள்வி வேறு. நாம் இதை முற்றாக மறுக்கிறோம். கருவியின்மேல் நமக்குப் பகையில்லை. வாசிப்பு என்ற சொல்லை இவர்கள் இவ்வளவு மலிவாக்குவதுதான் பொறுக்கவில்லை.

'சுபா' என்னும் கைக்காப்புத் தகட்டை எடுத்துக்கொள்வோம். வாள் நுழையும் நடுத்துளையின் இருமருங்கிலும் பெயர் இருக்கும். தகட்டை வேறொரு வாளுக்குப் பொருத்த நேர்ந்தால் துளையை அராவி அகலமாக்குவார்கள். எழுத்தில் பாதி அதோடு போகும். எஞ்சுவது உளி வெட்டிய சில கீற்றுகள், பல வேளைகளில் விரைவெழுத்து வடிவில். கடைசியில் 'காஓ' என்ற தனிமுத்திரைக் கோலம் வரும். அதை எழுத்தகராதியில் தேடிப் பயனில்லை.

எழுத்து தெளிவாகவே இருக்கிறது என்று கொள்வோம். நாரா மரபின் தோஷிநாகா பெயரிலுள்ள இரண்டாம் எழுத்து நீள்வாழ்வைக் குறிப்பது. மனிதப் பெயர்களில் அதை நாகா, ஹிஸா, தோஷி, கஸு என்றெல்லாம் ஒலிக்கலாம். ஹமானோ ஷோசுயியை மஸயுகி என்று வாசிப்பாரும் உண்டு. அறியாதவர் ஓராளை ஈராளாக்கிவிடுவார். ஆல்பர்ட் கூப்பும் ஹோகிதாரோ இனாடாவும் ஜப்பானியப் பெயர்களை வாசிக்கும் முறைக்கென்றே 1923இல் ஒரு தனி நூல் வெளியிட வேண்டியிருந்தது, வேலையற்றுப்போய் அல்ல.

சரியாகவே வாசித்தாயிற்று என்றாலும் என்ன நிரூபணமாயிற்று? 'கோஷு ஹிகோனேவில் வாழும் ஸோஹெய்ஷி ந்யூடோ ஸோதென் செய்தது' என்ற வாசகம் தாங்கிய தகடுகள் ஏராளம். போர்க்காட்சிகளைத் துளைவேலையில் காட்டும் அப்பாணிக்கு இருந்த கிராக்கியால் பிற ஊர்ப் பட்டறைகளும் அதே பெயரை வெட்டின. ஜப்பானியர் இக்கையொப்பத்தை 'மெய்' என்றும், போலியை 'கிமெய்' என்றும் சொல்கிறார்கள். மெய்யிலும் பொய்யுண்டு என்பது தமிழ்க் காதுக்கு வேடிக்கைதான்.

இன்னும் கடினமானது கோத்தோ குடும்பத்தின் வழக்கம். அதன் தொடக்கத் தலைமுறையினர் பெரும்பாலும் கையொப்பமிடவில்லை. பிற்காலத்து வாரிசுகள் முன்னோரின் வேலை என்று தாம் கருதியவற்றைத் தேர்ந்து, தம் தீர்ப்பை அவற்றின்மேல் பொறித்தார்கள். 'உருவம் யூஜோ, மித்ஸுதகா' என்றொரு வாசகம் சிறுகத்திப் பிடியின் பின்புறம் இருந்தால், உருவத்தைச் செதுக்கியவர் 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த முதல் தலைமுறை யூஜோ என்று 18ஆம் நூற்றாண்டின் பதின்மூன்றாம் தலைமுறை மித்ஸுதகா கருதினார் என்று பொருள். கையொப்பமிட்டவர் செதுக்கியவரல்லர், மதிப்பிட்டவர். கருவி தருவது இரண்டு பெயர்கள். அவற்றுக்கிடையே நிற்கும் 300 ஆண்டுகளை அது தருமா?

அட்டையில் பெயர் பார்த்த பிறகே கதை நன்றாயிருக்கிறதா என்று முடிவுசெய்யும் வாசகர்களை இலக்கிய உலகிலும் நாம் அறிவோம். அது போகட்டும், அங்கே பிரதிக்குச் சேதமில்லை. இங்கே பொருளே அழிகிறது. எழுத்து புலப்படவில்லை என்று கம்பித்தூரிகையால் துருவைச் சுரண்டுகிறார்கள், பாலிஷ் போட்டுத் தேய்க்கிறார்கள். இரும்பின் மேலுள்ள கரும்பழுப்பு அழுக்கன்று, வேலையின் பகுதி. செம்பில் சிறிதளவு பொன் கலந்த 'ஷகுதோ'வின் கருமையும் கலைஞன் பக்குவம் செய்து வருவித்த நிறம். பக்கவாட்டில் விளக்கொளி படும்படி வைத்துப் படமெடுத்தாலே பல கீற்றுகள் தெரியும். அந்தப் பொறுமைகூட இல்லை.

1876இல் பொதுவிடங்களில் வாள் அணிவது தடைசெய்யப்பட்டபின் இவ்வுறுப்புகள் பயனிழந்து, பெருந்தொகையாக மேலைநாட்டுச் சேகரிப்புகளுக்குச் சென்றன. பெயரைக் கேட்டு விலை சொல்லும் பழக்கமும் கூடவே வளர்ந்தது. 1948இல் தோன்றிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கமோ இன்றும் பொருளை நேரில் ஆராய்ந்தே சான்றிதழ் தருகிறது. இரும்பின் தரம், விளிம்பின் வடிவம், துளையில் செய்த மாற்றங்கள், உளி நடந்த விதம் எல்லாவற்றையும் பார்த்து, ஐயமற்ற கையொப்பங்களோடு ஒப்பிட்ட பின்னர்தான் பெயரைப் பேச வேண்டும். ஒத்துவராவிட்டால் 'இப்பெயர் பொறிக்கப்பட்டுள்ளது' என்று எழுதுங்கள். 'இவர் செய்தது' என்று எழுதாதீர்கள்.